கமலா அக்காவும் இருபத்தேழு செக்கனும்

கணினி நிரல் எழுதிப் பிழைப்பவனுக்கு மிக நீளமான நேரம், வாடிக்கையாளர் பட்டனை அழுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்க்கிற நேரம்தான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட நீங்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

ரீ குடிக்கும் நேரம்

கனடாவின் பிறம்ரன் நகரில் மளிகைச் சாமான் கிடங்கு ஒன்று. அஜக்ஸ் முதல் ரெக்ஸ்டேல் வரை உள்ள தமிழ்க் கடைகள் போனில் சொல்லும் ஓர்டர்களை அங்கே வேலைசெய்யும் கமலா அக்கா என் நிரலில் பதிவார். ஒரு ஓர்டர் ஏற இருபத்தேழு செக்கன், கிட்டத்தட்ட அரை நிமிடம். வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் சின்னக் கம்பனிக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர்தான். கமலா அக்காவுக்கோ கோபமே இல்லை.

"உம்மடை புரோகிராம் நல்லது தம்பி. அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ளை நான் ரீயும் குடிச்சு, கோப்பையும் கழுவிப்போடுவன்."

மீனாவின் ஒரு நாள்

புதுக் கணினி வாங்கச் சொல்லலாம் என்றேன் நான். என் கூட்டாளி மீனா, மதுரைக்காரர், அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் முழுக்கக் கமலா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு சாமானுக்கும் என் நிரல் டிஸ்க்கில் இருக்கும் கோப்பைத் திறந்து, முதலிலிருந்து தேடி, மூடிக்கொண்டிருந்தது. கோப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கலியாண வீடியோ அளவுகூட இல்லை. காலையில் ஒரே தடவையாக மெமரியில் ஏற்றிவிட்டு அங்கேயே தேடச் செய்தோம். பட்டனை அழுத்திக் கையை எடுக்குமுன் ஓர்டர் ஏறிவிட்டது. எனக்கு மெய்சிலிர்த்தது, மீனாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒவ்வொரு வரி படிக்கவும் லைப்ரரிக்குப் போய்ட்டு வந்தீங்களே, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வரணும்னு தோணவே இல்லையா?"

மதியம் பன்னிரண்டு

வேகம் கண்ட மிதப்பில் நானாக ஒன்று செய்தேன். புது ஓர்டர்களை மாலையில் நிரலை மூடும்போது மட்டும் டிஸ்க்கில் எழுதினால் போதும் என்று வைத்தேன். மீனாவிடமும் சொல்லவில்லை. கமலா அக்காவுக்கோ ஒரு பழைய பழக்கம்: நிரல் இழுக்கிறதே என்று தினமும் சாப்பிடப் போகுமுன் கணினியைச் சுவிட்சில் அணைத்துவிட்டு மறுபடி போடுவார். வியாழன் மதியமும் அப்படியே செய்தார். காலை முழுவதும் ஏற்றிய ஓர்டர்கள் மாயமாகிவிட்டன. லொறிகள் புறப்பட வேண்டியது இரண்டு மணிக்கு.

செய்தி கேட்டு நான் ஓடிப்போனபோது அவர் ஒவ்வொரு கடையாகப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணை, காலமை சொன்னதை ஒருக்காச் சொல்லுங்கோ, சரிபாக்கிறன்." கடைக்காரர்கள் சொல்லச் சொல்ல விரல்கள் பறந்தன. பழைய வேகத்தில் அது நடந்தே இராது. இரண்டு மணிக்கு லொறிகள் வெளிக்கிட்டன. மறுநாள் முதலாளி ஒப்பந்தத்தை நீட்டினார். எனக்குக் கமலா அக்காவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. நடந்ததற்கு என் அவசரம்தான் காரணம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"வலு வேகமா ஓடும் எண்டு நூறு தரம் சொன்னனீர் தம்பி, நிப்பாட்டினால் அழிஞ்சுபோம் எண்டதை ஒருக்காச் சொல்லியிருக்கலாமே."

இப்போது ஒவ்வொரு ஓர்டரும் ஏறிய கையோடு டிஸ்க்கிலும் பதிகிறது. வேகம் தந்தவர் மீனா, மானம் காத்தவர் கமலா அக்கா, ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் என்னுடையது.