தாளில் இல்லாத பெயர்

அக்காவுக்கு உலகத் தரவரிசையில் அறுநூற்று நாற்பத்தொன்றாம் இடம். ஆறு வருடம் டென்னிஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தும், பெரிய போட்டி ஒன்றின் முதல் சுற்றில் அவள் கால் வைத்ததே இல்லை. எப்போதும் தகுதிச் சுற்றோடு சரி. வயது இருபத்தேழு. இந்த முறையும் உள்ளே நுழையாவிட்டால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளராகப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

கடைசித் தகுதி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது யார்? கூடப் பிறந்த தங்கை! இவளுடைய பழைய ஷூவைப் போட்டு வளர்ந்தவள். இரண்டே செட்டில் ஊதித் தள்ளிவிட்டாள். போதாததற்கு வலையருகே கட்டிப்பிடித்து, "சாரிக்கா" என்று வேறு சொன்னாள். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

தோற்றவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மறுநாள் காலை பத்து மணிக்குள் நடுவர் அறைக்குப் போய்த் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் சுற்றிலிருந்து யாராவது விலகினால், கையெழுத்துப் போட்டவர்களில் தரவரிசையில் முந்தியவருக்கு அந்த இடம்.

"மறக்காம போட்டுடுக்கா. தோத்தவங்கள்ல நீதான் முதல்ல இருக்க" என்றாள் தங்கை.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு."

காலையில் நடுவர் அறை வாசல் வரைக்கும் போனாள். மேசையில் தாள் இருந்தது. நூலில் கட்டிய பேனாவும் இருந்தது. வராந்தாவில் தங்கையை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! 'இவ ஜெயிச்ச இடத்துல, எவ நொண்டுவான்னு நான் காத்துக் கிடக்கணுமா?' சட்டென்று திரும்பிப் பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாள்.

பதினொரு மணிக்குத் தங்கையின் போன்.

"பயிற்சியில கால் பிசகிடுச்சுக்கா."

அதைக் கேட்டதும் அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

"கட்டு போட்டுட்டு ஆடியிருப்பேன். விலகினா என் இடம் உனக்கு வரும்னுதான் விலகினேன். தாள்ல உன் பேரே இல்லைங்கறாங்களே, ஏங்க்கா?"

பேருந்து குலுங்கியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மறந்துட்டேன்."

எதிர்முனையில் அழுகை. "நானே உன்னைக் கையோட கூட்டிட்டுப் போயிருக்கணும். என் தப்புக்கா."

அந்த நல்ல மனசைப் பார்த்தும் அக்காவுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.