குதிரைமொழித் தேரியில் ஆடிக்காற்று

மைசூர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது காலை பதினொன்றரை. பெட்டியை இறக்கி வைத்ததும் காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு நடைமேடை ஓரம் வரைக்கும் போய்விட்டது. பின்னாலேயே ஓடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர், என்னை அழைத்துப் போக வந்திருந்த கார்க்காரர்.

"வாங்கக்கா. நான் செல்வகுமார். மரியம் டீச்சர் சொல்லிவிட்டாவ" என்றார். உடன்குடிக்காரர். அண்ணன் அங்கே கருப்பட்டி மண்டி வைத்திருக்கிறார், இவருக்கு வண்டி. நாள் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு, டீசல் தனி.

நான் எதற்காக அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோள்களை ஆராய்கிறவர்களுக்காகப் பெங்களூரிலிருந்து மாதம் ஒரு மின்னஞ்சல் மடல் அனுப்புகிறேன். எந்த ஆய்வுக்கூடத்தில் வேலை காலி, எந்தப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை, எந்த விண்கலம் அனுப்பிய படங்கள் பொதுவில் வந்திருக்கின்றன, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன, இவ்வளவுதான் அதில் இருக்கும். யார் படிக்கிறார்கள், படித்து என்ன செய்கிறார்கள் என்பது பெரும்பாலும் தெரியாது.

சென்ற ஆண்டு ஓர் அறிவிப்பு போட்டிருந்தேன். செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராயும் மாணவர்களுக்கு இரண்டு வாரக் களப்பயிற்சி முகாம் நடத்த நம் நாட்டிலேயே ஓர் இடம் வேண்டும், அதை நடத்தப் பொறுப்பாளரும் வேண்டும் என்பது செய்தி. அதற்குக் காயல்பட்டினத்திலிருந்து ஒரே வரியில் ஒரு கேள்வி வந்தது: 'பி.எச்டி. முடிக்காதவர் விண்ணப்பிக்கலாமா?' விதியில் தடையில்லை என்று நானும் ஒரே வரியில் பதில் போட்டேன். அந்த விண்ணப்பம் கடைசி மூன்றில் ஒன்றாக வந்து நின்றது. மற்ற இரண்டும் பெரிய நிறுவனங்களுடையவை. தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டதும், நானும் வரலாமா என்று கேட்டு, டிக்கெட் எடுத்துவிட்டேன்.

முள்ளக்காடு, பழையகாயல் என்று உப்பளங்களின் நடுவே சாலை போயிற்று. குவித்து வைத்த உப்பின்மேல் ஓலை வேய்ந்து, ஓலை பறக்காமல் கல் வைத்திருந்தார்கள்.

"ராக்கெட் எடம் பாக்கவா வந்திருக்கிய?" என்று செல்வகுமார் கேட்டார். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் கட்டத் தொடங்கியதிலிருந்து, பெட்டியோடு வருகிறவர்கள் எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

"இல்லை, தேரி பார்க்க." செம்மணல் மேடுகளுக்கு அந்தப் பக்கத்தில் தேரி என்று பெயர்.

"தேரியா? இந்த ஆடிக் காத்துலயா?" வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார். "மண்ணு கண்ணைப் பிடுங்கிரும்லாக்கா. தை மாசம் வந்திருக்கலாம்லா?"

முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கும்போது காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. ஆற்றில் தண்ணீர் எதிர்த்திசையில் போவதுபோல் சுருண்டு கிடந்தது.

காயல்பட்டினத்துக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். குறுகலான தெருவில், பச்சைக் கதவு வைத்த வீட்டு வாசலில், அந்த விண்ணப்பத்தை அனுப்பிய மரியம் நின்றிருந்தார். வயது முப்பத்திரண்டு இருக்கும். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறார். "வாங்கோ மேடம். பயணம் சுகமா? மொதல்ல பசியாறுங்கோ" என்று உள்ளே அழைத்துப் போனார். சோறு முடிந்ததும் அவர் உம்மா கொண்டுவந்து வைத்த இனிப்பான வட்டிலப்பத்தில் உடன்குடிக் கருப்பட்டி மணத்தது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் மரியம் தம் நிலைமையைச் சொன்னார். கணவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். மரியத்துக்கும் நான்கு வயது மகளுக்கும் விசா வந்தாயிற்று. போய்விட்டால் கல்லூரி வேலையை விடவேண்டும், தேரியையும்தான்.

"இது என்ன ஆகுதுன்னு பாத்துட்டுச் சொல்லுறேன்னு அவங்கள்ட்ட தவணை கேட்டிருக்கேன். ரெண்டு தடவை நீட்டியாச்சு. இனிமே நீட்ட முடியாது மேடம்."

"கிடைக்கவில்லை என்றால்?"

"போயிருவேன். மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்கிறது தப்பான காரியம் இல்லையே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மேசைமேல் விழுந்த சோற்றுப் பருக்கையை அவர் விரல் வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தது.

மாலை விமானத்தில் தேர்வுக் குழுவின் டாக்டர் அனகா வந்து சேர்ந்தார். புனேயில் செவ்வாயின் மேற்பரப்பை ஆராய்கிறவர். சுருக்கமான பேச்சு, நேரான பார்வை. கையில் ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே ட்ரோன். தேரியை மேலிருந்து படமெடுத்து, அந்தப் படங்களை வைத்து அறிக்கை எழுதுவது அவர் திட்டம். மறுநாள் மாலையே அவருக்குத் திரும்ப விமானம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம். திருச்செந்தூரைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் திரும்பியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் மஞ்சள், பிறகு காவி. வனத்துறை அனுமதியை மரியம் முன்பே வாங்கி வைத்திருந்தார். முந்திரியும் உடைமரமும் முடிந்து, பனைகள் தள்ளித் தள்ளி நிற்கிற ஓரிடத்தில் செல்வகுமார் வண்டியை நிறுத்தினார். "இதுக்கு மேல போனா டயர் புதைஞ்சிரும்" என்றார். இறங்கி நடந்தோம்.

குதிரைமொழித் தேரியைப் பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு. செங்கல் சிவப்பு இல்லை, குங்குமச் சிவப்பும் இல்லை. காய்ந்த மிளகாய்வற்றலைப் பொடித்துக் கொட்டியதுபோல் ஒரு நிறம். மேடும் பள்ளமுமாக அலையடித்துக் கிடக்கிறது. அன்றைக்கு அந்த அலைகளின் முகடுகளிலிருந்து சிவப்புப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. பேச வாயைத் திறந்தால் பல்லில் மண் நறநறத்தது.

அனகா பெட்டியைத் தரையில் வைத்தார். திறக்கவில்லை. கையில் பிடித்திருந்த சிறிய காற்றுமானியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"இதில் ட்ரோனை ஏற்ற முடியாது. படமில்லாமல் குழுவிடம் நான் எதைக் காட்டுவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கோபமில்லை, அலுப்பு இருந்தது. "இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மரியம். எல்லா மாநிலத்திலிருந்தும் எனக்குச் சிவப்பு மண் அனுப்புகிறார்கள். சிவப்பாக இருப்பதாலேயே செவ்வாய் என்கிறார்கள்."

நான் மரியத்தின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. ஓராண்டு உழைப்பு, ஒரு குடும்பத்தின் முடிவு, எல்லாம் இந்தக் காற்றில் போயிற்றே என்றுதான் தோன்றியது.

மரியம் காருக்குத் திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நினைத்தேன். செல்வகுமாரும் அவருமாக டிக்கியிலிருந்து எதையோ இழுத்தார்கள். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் பிளாஸ்டிக் குழாய்கள். முழங்கை நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் நெடுகக் கீறி, மறுபக்கம் மெல்லிய வலை ஒட்டியிருந்தது. கீறல் வழியே காற்றோடு நுழையும் மணல் குழாய்க்குள் தங்கிவிடும். காற்று வலை வழியே வெளியேறிவிடும். மாணவிகளோடு சேர்ந்து அவரே செய்தவை.

"மேடம், படம் அடுத்த வாரமும் எடுக்கலாம், அடுத்த வருஷமும் எடுக்கலாம்" என்றார் மரியம். அவருடைய ஆங்கிலத்தில் காயல்பட்டினத்து ராகம் அப்படியே இருந்தது. "இதை இன்றைக்குத்தான் பார்க்க முடியும்."

பள்ளத்திலிருந்து முகடு வரை வரிசையாக ஐந்து குழாய்களை நட்டோம். நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அனகாவின் தொப்பி பறந்தது. செல்வகுமார் துரத்தினார், கிடைக்கவில்லை. மரியம் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, அனகாவின் தலையையும் முகத்தையும் சுற்றிக் கண் மட்டும் தெரியும்படி இறுக்கிக் கட்டிவிட்டார். "இப்போ படுங்கள்" என்றார்.

"படுப்பதா?"

"வயிறு தரையில் பட."

அனகா படுத்தார். பக்கத்தில் மரியம், அதற்குப் பக்கத்தில் நான். தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்தபோதுதான் அந்தப் புகை புகையே இல்லை என்று தெரிந்தது. தனித்தனி மணிகள். ஒவ்வொன்றும் எழும்பி, வளைந்து, விழுந்து, விழுந்த இடத்தில் இன்னும் நான்கைத் தட்டி எழுப்பிவிட்டுப் போயிற்று. தரையில் விரல் அகலத்துக்கு வரிவரியாக இருந்த சின்ன அலைகள் நகர்ந்துகொண்டிருந்தன. மரியம் ஒரு வரியின் முன்னால் பென்சிலைக் குத்தி நிறுத்தினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி பென்சிலைத் தொட்டது, சுற்றிக்கொண்டது, தாண்டிப் போயிற்று.

அனகா பென்சிலைப் பிடுங்கி அடுத்த வரிக்கு முன்னால் தாமே குத்தினார்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. துணிக்குள்ளிருந்து உரக்கக் கத்தினார்: "செவ்வாயில் காற்று இவ்வளவு அடர்த்தி இல்லை. ஈர்ப்பும் குறைவு. இந்தக் காற்றைப் பார்த்து அந்தக் காற்றை எப்படிப் புரிந்துகொள்வது?"

"புரிந்துகொள்ள முடியாது" என்று மரியமும் கத்தினார். "இதுவும் அதுவும் ஒன்று என்று நான் விண்ணப்பத்தில் எங்குமே எழுதவில்லை. இரண்டும் எவ்வளவு வேறு என்று கணக்குப் போடத்தான் மாணவர்கள் வரவேண்டும். அதற்கு ஒரு பக்கமாவது கையால் தொடும்படி இருக்க வேண்டாமா? திரையில் மட்டும் மணல்மேட்டைப் பார்த்தவர்கள், மணல் இப்படிக் கன்னத்தில் அறையும் என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்?"

அனகா சிரித்த சிரிப்பில் துணி உப்பியது. நான் எழுந்து உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. மண் விழுந்ததால் என்று செல்வகுமாரிடம் சொன்னேன். பாதி உண்மைதான்.

ஒரு மணி நேரம் கழித்துக் குழாய்களைப் பிடுங்கினோம். பள்ளத்துக் குழாயில் கொஞ்சம் மணல். முகட்டுக் குழாய் வாய் வரைக்கும் நிரம்பியிருந்தது. அனகா அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஏற்றி இறக்கினார்.

"சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது என்றீர்கள், மேடம். ஆனால் நிறத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது" என்றார் மரியம். "வாருங்கள், கடற்கரைக்குப் போவோம்."

உடன்குடி வழியாகக் குலசேகரன்பட்டினம் போனோம். உடன்குடியில் டீ. டீக்கடையில் மரியம் மூன்று காகிதக் கப்புகளைத் தனியாக வாங்கிக்கொண்டார். தேரி மண் ஒரு கப்பில். வழியில் காவி மண் தெரிந்த இடத்தில் இறங்கி அள்ளியது இன்னொன்றில். கடற்கரையின் வெளிறிய மணல் மூன்றாவதில். காற்றுக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கார் இருக்கையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மூன்றும் கடலோர மணல்தான் என்பது என் எண்ணம். காற்றுதான் உள்ளே கொண்டுபோயிருக்க வேண்டும். அங்கே கிடந்து கிடந்து, ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துரு பூசிக்கொண்டு சிவந்திருக்கிறது. எவ்வளவு காலத்தில், எவ்வளவு ஈரத்தில் சிவந்தது? செவ்வாய் எப்படிச் சிவந்தது என்று கேட்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். எனக்குப் பதில் தெரியாது. வெளுப்பிலிருந்து சிவப்பு வரைக்கும் ஒரே காலைப்பொழுதில் போய்ப் பார்க்கலாம் என்பது மட்டும் தெரியும்."

அனகா மூன்று கப்புகளிலும் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "இது விண்ணப்பத்தில் இல்லையே?"

"பி.எச்டி. இல்லாதவள் இவ்வளவு சொன்னால் அதிகமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன்."

"தப்பு செய்துவிட்டீர்கள்" என்றார் அனகா. அதோடு சரி. விமான நிலையத்தில் இறங்கும்போது கப்புகள் மூன்றையும் மூடி, டேப் ஒட்டி, தம் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு மரியம் வீட்டில் உம்மா என் தலைமுடியிலிருந்து சிவப்பு மண் உதிர்வதைப் பார்த்து, "தேரியவே வீட்டுக்குக் கொண்டாந்துட்டிங்களே" என்றார்.

மறுநாள் மாலை எனக்கு ரயில். செல்வகுமார் நிலையத்தில் இறக்கிவிட்டு, ஓலைப்பெட்டி ஒன்றில் சில்லுக்கருப்பட்டி கொடுத்தார். விலை கேட்டால் முறைத்தார். பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. மரியம்.

"லாத்தா" என்றார். அதுவரை மேடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்தில் அக்காவை லாத்தா என்பார்கள். "கிடைச்சிருச்சு லாத்தா. குழு ஒத்துக்கிட்டாங்க. ஆனா ரெண்டு நிபந்தனையாம்."

"என்ன நிபந்தனை?"

"வெளிய இருந்து ஆளைக் கொண்டாந்து தலைமை போடக் கூடாதாம், நான்தான் நடத்தணுமாம். பி.எச்டி.க்கும் பதிஞ்சுக்கணுமாம், அனகா மேடமே வழிகாட்டியா இருக்கேன்னு சொல்லுறாங்க. இது ஒண்ணு." மூச்சு வாங்கினார். "இன்னொண்ணு, முகாமைத் தை மாசம் வைக்கக் கூடாதாம். ஆடியிலதான் வைக்கணுமாம். வேணும்னே காத்துல வாராங்களாம் லாத்தா!"

இருவரும் சேர்ந்து சிரித்தோம். எதிர் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாயா?"

"சொன்னேன். முகாம் என்னைக்கு ஆரம்பிக்குதுன்னு தேதி கேட்டாங்க. லீவு போடணுமாம், புள்ளையப் பாத்துக்க."

ரயில் கிளம்பியது. உப்பளங்கள் பின்னால் போயின. எத்தனையோ வருடமாக நம் பிள்ளைகளுக்குச் சிலியின் பாலைவனத்துக்கும் ஐஸ்லாந்தின் எரிமலைக்கும் வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். விசாவுக்கு என்ன காகிதம், குளிருக்கு என்ன உடுப்பு என்று எழுதியிருக்கிறேன். அந்த இடங்களின் பெயர்களை எல்லாரும் அப்படியேதான் சொல்கிறார்கள், யாரும் மொழிபெயர்ப்பதில்லை. தேரியையும் என் மடலில் தேரி என்றே எழுத வேண்டும் என்று அந்த இருக்கையில் உட்கார்ந்தே முடிவு செய்தேன். வருகிறவர்கள் நாக்கைப் பழக்கிக்கொள்ளட்டும்.

எதிரே இருந்தவர் மதுரைக்காரராம். என் செருப்பிலும் கால்சட்டை மடிப்பிலும் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

"தேரிக்கு."

"அங்க என்ன இருக்கு?"

கருப்பட்டிப் பெட்டியைப் பிரித்து அவர் பக்கம் நீட்டிவிட்டு, சொல்லத் தொடங்கினேன். கோவில்பட்டி தாண்டியும் நான் நிறுத்தவில்லை.