பதினாறு நிமிடப் படத்துக்கு ஐம்பது நிமிடம் பிந்தி

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. சுவிஸின் பாடன் நகரத்தில் ஒரு சின்னத் தியேட்டர். பட்டுச்சேலையும் கோட்டுமாக முப்பது தமிழர்கள் உள்ளே நுழைந்தோம். மூன்று பெரிய தட்டில் பொரித்த ரோல்ஸ் வேறு. நாங்கள் பார்க்க வந்த படம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பிழை யாருடையது? அவசரப்படாதீர்கள், அதற்கும் வருகிறேன்.

அந்தத் தியேட்டரில் வருடா வருடம் ஆசியத் திரைப்பட வாரம் நடக்கிறது. கொரியப் படம், ஈரான் படம், ஒரு மூலையில் ஓவியக் கண்காட்சி, ஒருநாள் ஜப்பானிய மேளம்... சுவிஸுக்கு வந்து முப்பது வருடமாகிறது, நான் ஒரு தடவையும் எட்டிப் பார்த்ததில்லை. 'ஆசியா' என்று எழுதியிருந்தால் அது வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன். நாங்கள் மட்டும் எந்தக் கண்டத்திலிருந்து வந்தோமாம்?

இந்த முறை போக ஒரு காரணம் இருந்தது. எங்கள் குடும்ப சிநேகிதி பத்மாவின் மகள் நிவேதா, இங்கேயே பிறந்தவள், திரைப்படம் படிக்கிறாள். அவள் எடுத்த பதினாறு நிமிட ஆவணப்படம் அந்த வாரத்துக்குத் தேர்வாகியிருந்தது. படம் முழுக்க பத்மாதான்.

பத்மா ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். கமெராவைக் கண்டால் கல்யாண வீட்டிலேயே தூணுக்குப் பின்னால் போய் நிற்பவர். அவரைச் சம்மதிக்க வைக்க நிவேதாவுக்கு எட்டு மாதம் பிடித்தது. எடுத்து முடித்த பிறகும் படத்தை வீட்டில் போட்டுக் காட்டவில்லை. "அம்மா முதல் தரம் பெரிய திரையிலதான் பாக்கோணும், சனங்களோட இருந்து பாக்கோணும்" என்று பிடிவாதம். எங்களுக்காக இரண்டு வரிசை இருக்கைகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி வைத்திருந்தாள்.

அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்றிருந்தது.

இனி என் திருவிளையாடல். எங்கள் விழாக்களில் இருபது வருடமாக மைக் பிடிப்பவன் நான். ஐந்து மணி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? மங்கள விளக்கு ஏற்ற வேண்டும். மாண்டவர்களுக்கு அகவணக்கம். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பிறகு பிரதம விருந்தினர் வர வேண்டும், அவர் சூக் நகரத்திலிருந்து வருகிறார் என்றால் இன்னும் அரை மணி. முதல் நிகழ்ச்சி மேடைக்கு வர ஏழாகும். வெள்ளைக்காரர்கள் நடத்துகிறார்கள், ஆகவே ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெருந்தன்மையோடு போட்டேன்: 'ஐந்து என்று இருக்கிறது. ஆறுக்கு வந்தால் போதும்.' முப்பது பேரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அங்கே நடந்தது இதுதான். சரியாக ஐந்துக்கு அமைப்பாளர் பெண்மணி வந்து இரண்டு வசனம் பேசினாராம். விளக்கை அணைத்தார்களாம். முதல் படமே நிவேதாவுடையது. அவள் இரண்டு வெறும் வரிசைகளுக்குப் பக்கத்தில் தனியே இருந்து, தன் அம்மாவைத் திரையில் பார்த்திருக்கிறாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இடைவேளை. ஆட்கள் கையில் கிளாஸோடு வெளியே நின்றார்கள். பத்மாவைக் கண்டதும் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தலையசைத்தார். முன்பின் தெரியாத ஒரு முதியவர் கிட்ட வந்து இரண்டு கையாலும் பத்மாவின் கையைப் பிடித்து, "அந்தத் தேநீர் உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கவேண்டும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனார்.

பத்மா மெல்ல என்னிடம் கேட்டார்: "என்ன தேத்தண்ணி, அண்ணை?"

எனக்கு என்ன தெரியும்? அந்த இடத்தில் நின்ற எல்லோரும் பத்மாவின் படத்தைப் பார்த்திருந்தார்கள்... பத்மாவையும் எங்களையும் தவிர.

நிவேதா வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா, நீங்க வேலைக்கு ஒருக்காலாவது பிந்திப் போயிருக்கிறீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. அது வேலையெல்லோ."

"அப்ப இது?"

"இது... இது எங்கட அலுவல்தானே..."

ஒரு நிமிடம் நான் பேசாமல் ரோல்ஸ் தட்டோடு நின்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். பிறகு சொன்னேன்: "அம்மாவில பிழையில்லைப் பிள்ளை. நான்தான் ஆறு எண்டு சொன்னனான்."

"ஏன் மாமா?"

விளக்கு ஏற்றுவதைப் பற்றிச் சொன்னேன். வரவேற்புரையைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது பதினாறு நிமிசப் படம், மாமா" என்றாள்.

அன்றிரவு யோசித்தேன். எங்களில் யார் பிந்துகிறவர்? விடியமுன் ஆஸ்பத்திரி கழுவப் போகிறவர் முதல் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. விசா அலுவலகத்தில் ஒன்பதுக்கு வரச் சொன்னால் எட்டரைக்கு வாசலில் நிற்போம். பயப்படுகிற இடத்துக்கெல்லாம் நேரத்துக்குப் போகிறோம். எங்களுடையது என்று நினைக்கிற இடத்துக்குத்தான் பிந்துகிறோம். எங்கள் ஆட்கள் எங்களை விட்டுவிட்டுத் தொடங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அதிலும் ஒரு உரிமை இருக்கிறது, ஒரு பாசம்கூட இருக்கிறது என்று நான் வாதாடுவேன். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு எப்படி விளங்கும்? ஐந்துக்கு வா என்று அவள் கேட்டாள். ஐந்துக்கு அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த அமைப்பாளர் நல்ல மனுஷி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அடுத்த ஞாயிறு காலை ஒன்பதுக்கு மண்டபம் சும்மா கிடக்கிறது, நான் வந்து திறந்து படத்தைப் போடுகிறேன்" என்றார். எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. பத்மாவுக்கு மட்டும் இல்லை.

"ஞாயிறு எனக்குக் காலமை ஏழு மணிக்கு வேலை" என்றார்.

"பரவாயில்லை அம்மா, நீங்க வேலைக்குப் போங்கோ" என்றாள் நிவேதா. அந்தப் 'பரவாயில்லை'யை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கே தியேட்டர் வாசலில் கூட்டம். குளிர், மழைத் தூறல், கதவு இன்னும் திறக்கவில்லை. எட்டே முக்காலுக்கு பத்மா வந்தார். வேலை உடுப்பு, மேலே ஜாக்கெட். நிவேதா ஒன்றும் கேட்காமல் தன் குடையை அம்மா பக்கம் சரித்தாள்.

ஒன்பதுக்குப் படம். ஒரு சுவிஸ் மூதாட்டியின் வெள்ளை முடியை பத்மா வாரிவிடுகிறார், வாரிக்கொண்டே தமிழில் ஏதோ கதை சொல்கிறார். மூதாட்டிக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் "யோ, யோ" என்று சுவிஸ் ஜெர்மனில் ஆமாம் போட்டுத் தலையாட்டுகிறார். கடைசியில் கமெராவுக்குப் பின்னாலிருந்து நிவேதா கேட்கிறாள்: "அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?" பத்மா சீப்பைக் கீழே வைக்கிறார். "ஒரு அவசரமும் இல்லாம, இருந்து, ஒரு தேத்தண்ணி குடிக்கோணும்" என்கிறார். படம் முடிகிறது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் தாயும் மகளும் அசையாமல் இருந்தார்கள். யார் யாருடைய கையைப் பிடித்திருந்தார்கள் என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

வெளியே வரும்போது பத்மாவிடம் கேட்டேன்: "வேலை?"

"பதினொரு மணிக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். பன்னிரண்டு வருசத்தில முதல் தரம். பொறுப்பாளர் மனுசி பயந்துபோனா, ஆஸ்பத்திரியோ, வீட்டில ஆருக்கும் ஏதுமோ எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நான் நடிச்ச படம் ஓடுது, பாத்திட்டு வாறன் எண்டு சொன்னன்."