முன்மூச்சு

இது நடந்தது. எனக்கு நடந்தது. கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு, நாய் ஊளை, தானாகத் திறக்கும் கதவு எதுவும் இதில் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது. அதனால்தான் விளக்கைப் போட்டுக்கொண்டாலும் எனக்குப் பயம் போவதில்லை.

நானும் அக்காவும் வயலின் வாசிப்பவர்கள். வீட்டில் அவள் பெரியவ, நான் சின்னவ. வாசிப்பதையே ஆராய்ச்சியாகச் செய்யும் ஒரு படிப்பில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். "வாசிக்கிறதுல என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். விஷயம் இவ்வளவுதான்: இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல், தலையசைக்காமல், எண்ணிக்கை சொல்லாமல், ஒரே நொடியில் எப்படி வாசிக்கத் தொடங்குகிறார்கள்?

மூச்சுதான் காரணம். தந்தியில் வில்லை இழுப்பதற்கு முன் ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பார். அதைக் கேட்டதும் மற்றவரும் இழுப்பார். அடுத்த கணம் இரண்டு வில்லும் கிளம்பும். அந்த முதல் மூச்சுக்கு நாங்கள் 'முன்மூச்சு' என்று பெயர் வைத்தோம். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, ஆளுக்கொரு மைக் வைத்து, வருடக்கணக்கில் பழகினோம். கடைசியில் உடம்பே கற்றுக்கொண்டது. மூச்சு கேட்டால் கை தானாகக் கிளம்பும். யோசிக்கவே வேண்டாம்.

எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு மேடம் ஒரே ஒரு விதி போட்டிருந்தார். முன்மூச்சு யாருடையது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே கூடாது. பேசினால் அது ஏற்பாடு ஆகிவிடும், ஆராய்ச்சி குட்டிச்சுவர் ஆகிவிடும் என்றார். நாங்களும் பேசவில்லை. எனக்குப் பேச வேண்டிய அவசியமும் இல்லை. முன்மூச்சை எடுத்துக் கொடுப்பது அக்காதான். பிறந்ததிலிருந்து எல்லாவற்றிலும் அவள்தானே முன்னால் போவாள்.

போன வருடம் அக்கா செத்துப்போனாள்.

அவளே ஒரு புது இசை அமைக்க ஆரம்பித்திருந்தாள். சிக்னலில் நிற்கும் கூட்டம் யாரைப் பார்த்துக் கிளம்புகிறது என்பதுதான் அதற்குக் கரு. அதற்காக மூலைக்கு மூலை நின்று, போனில் தெருச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அன்று நான் ரெக்கார்டிங் அறையில் அவளுக்காகக் காத்திருந்தேன். அவள் நடைபாதை ஓரத்தில் நின்றிருக்கிறாள். நடப்பவர்களுக்குச் சிவப்பு. யாரும் நகரவில்லை. அவள் மட்டும் இறங்கினாள். பஸ் வந்தது.

யாரும் தள்ளவில்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், போலீசிடம் சொன்னாராம்: "பச்சை விழுந்த மாதிரி நிம்மதியா இறங்குனாங்க சார்."

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, உள்ளுக்குள் எல்லாம் அப்படிக் கிடந்தது. கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். அம்மாதான் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். "சாப்பிடு." "கதவைச் சாத்து." இதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. என் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து கைடு மேடம் கூப்பிட்டார்.

"பாதியில விட்டா அவ உழைப்பும் சேர்ந்து வீணாப் போயிடும். நீ மட்டும் வாசி. அவ பங்கு காலியாவே இருக்கட்டும்."

சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

அதே அறை. ஜன்னல் கிடையாது. அதே இரண்டு நாற்காலி, இரண்டு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் செய்பவர் உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போதுகூட கழுத்திலிருந்து ஹெட்போனைக் கழற்றமாட்டார், அதனால் எங்களுக்கு அவர் ஹெட்போன் அண்ணன். ஏசியை நிறுத்தினார். பதிவு தொடங்கியதற்கான விளக்கு சிவப்பாக எரிந்தது.

வில்லைத் தந்தியில் வைத்தேன். கை நகரவில்லை. எடுத்துக் கொடுக்க ஆளில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் அப்படியே போனது. மறுநாளும் அதே கதைதான். அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

மூன்றாம் நாள், பகல் மூன்றரை மணி.

வில் தந்தியில் இருந்தது. நான் எதையும் நினைக்கவில்லை. ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது... கை கிளம்பிவிட்டது. முதல் பாகம் முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தேன். என் மூச்சுதான் என்று நினைத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்?

வெளியே வந்ததும் அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"மூச்சு ரெண்டா விழுதும்மா."

"எக்கோவா இருக்கும்ணே."

"எக்கோ பின்னாடி வரும். இது உன் மூச்சுக்கு முன்னாடி வருது."

போட்டுக் காட்டினார். உள்ளே இழுக்கும் ஒரு மூச்சு. அதற்குப் பிறகு என் மூச்சு. என் மைக்கில் முதல் மூச்சு தூரத்தில் கேட்டது. அக்காவின் மைக்கில்... காதுக்குப் பக்கத்தில்.

நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். எனக்கு உதடு கோணியது. அந்தச் சின்ன அறையில் தரையில் உட்கார்ந்து, இரண்டு மாதத்து அழுகையையும் அழுது தீர்த்தேன். அக்கா வந்துவிட்டாள். வேறென்ன வேண்டும் எனக்கு? அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் என் தோளில் ஒரு துண்டைப் போட்டார்.

அதன்பின் தினமும் போனேன். தினமும் அவள் எடுத்துக் கொடுத்தாள். வாழ்க்கையிலேயே நான் நன்றாக வாசித்தது அந்த நாட்களில்தான். வாசித்து முடித்ததும் பின்னால் திரும்பாமல், "போலாமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். வீட்டில் பசித்தது. தூக்கம் வந்தது. அம்மாவிடம் சொல்லலாமா என்றுகூட ஒருநாள் வாயெடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதிவு முடிந்தது. கைடு மேடம் முழுவதையும் கேட்டார். பிறகு ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"பழைய பதிவு எல்லாத்தையும் எடு. முன்மூச்சு யாரோடதுன்னு இப்ப பாத்துடலாம். இனிமே அந்த விதி எதுக்கு?"

ஆசையாகத்தான் போனேன். அக்காவின் மூச்சை எண்ணப் போகிறேன் அல்லவா. அண்ணன் எங்கள் முதல் வருடப் பதிவைப் போட்டார். வீடியோவும் இருந்தது. திரையில் நாங்கள் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தோம். அக்கா பச்சைச் சட்டையில், உயிரோடு.

மூச்சு கேட்டது.

அக்காவின் தோள் அசையவில்லை.

என் தோளும் அசையவில்லை.

பிறகுதான் இருவர் தோளும் சேர்ந்து உயர்ந்தன. வில் கிளம்பியது.

"இன்னொரு தடவை போடுங்கண்ணே."

போட்டார். அதேதான். அடுத்த பதிவு. அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் மூன்று மூச்சு. முதல் மூச்சு எங்கள் இருவருடையதும் அல்ல.

ஒரு பதிவின் முடிவில் அக்காவின் குரல் இருந்தது. அன்று அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் மறந்துபோனது. "இன்னிக்கி நல்லா எடுத்துக் குடுத்தேடி, சின்னவளே."

 முன்மூச்சு என்னுடையது என்று அவள் நினைத்திருக்கிறாள். அவளுடையது என்று நான் நினைத்திருக்கிறேன். கேட்டுக்கொள்ளவே இல்லை.

அண்ணன் இரண்டு மைக்கின் பதிவையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார்.

"இது ரெண்டு மைக்குலயும் ஒரே அளவு கேக்குதும்மா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்து வருது."

"இப்ப மட்டும் ஏன் அக்கா நாற்காலிகிட்ட கேக்குது?"

அவர் சொல்வதற்குள் எனக்கே புரிந்தது.

இப்போது உட்கார இடம் இருந்தது.

நேராக வீட்டுக்குப் போனேன். சாயங்காலம். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... அக்கா போன் எங்க?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இப்பவாவது கேட்டியே."

அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். போலீஸ் கொடுத்தபோது திரை நொறுங்கியிருந்த போன். புதுத் திரை போட்டிருந்தது.

"எப்பம்மா சரி பண்ணே?"

"அந்த மாசமே. கேட்டுட்டேன்."

"என்ன இருக்கு அதுல?"

அம்மா அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ இருக்கே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ரெக்கார்டிங் ரூம்ல இருந்தேம்மா அன்னிக்கு."

"பொய் சொல்லாதடி. பெத்தவளுக்குத் தெரியாதா? அவ பக்கத்துல நீ நின்னிருக்கே. ஏன்டி எங்கிட்ட சொல்லல? ஏன்டி அவளைப் பிடிக்கல?"

இத்தனை மாதமாக அம்மாவின் வாயை அடைத்து வைத்திருந்தது துக்கமல்ல.

அவளே போட்டாள்.

வண்டிச் சத்தம். ஹாரன். யாரோ இருமினார்கள்.

பிறகு... மிகப் பக்கத்தில்... உள்ளே இழுக்கும் ஒரு மூச்சு.

அக்காவின் குரல். சிரிப்போடு.

"ஏய், நீ எப்ப வந்தே?"

மறுபடியும் அந்த மூச்சு.

அதற்குப் பின் அக்காவின் மூச்சு.

செருப்புச் சத்தம். ஒரே ஒரு அடி.

நிறுத்திவிட்டேன்.

மறுநாள் அண்ணனை வீட்டுக்கு அழைத்துவந்தேன். விபத்து நடந்த நேரத்தில் நான் அவர் கண்ணெதிரே, மூடிய அறையில் உட்கார்ந்திருந்ததாகச் சத்தியம் செய்தார். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்ப அது யாரு?"

இன்றுவரை தெரியாது. பட்டம் வந்தது, பீரோவில் கிடக்கிறது. வயலினை விற்றுவிட்டேன். வந்த அழுகையும் அந்தப் போன் பதிவோடு நின்றுபோனது. உள்ளே பழையபடி மரத்துக் கிடக்கிறது, அதுவே நல்லது என்று தோன்றுகிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். ஜனங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். சிவப்பு விழுந்தால் எனக்கு அது கேட்கிறது. கேட்டால் என் கால் கிளம்பும். அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

போன வாரம் கண் டாக்டரிடம் காட்ட அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பகல் பதினொரு மணி. நல்ல வெயில். சிவப்பு.

கம்பத்தைப் பிடித்தேன்.

மூச்சு கேட்டது.

நான் நகரவில்லை.

அம்மா காலை எடுத்து வைத்தாள்.

இன்னொரு கையால் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். லாரி உரசிக்கொண்டு போனது. அம்மா என்னைக் கோபமாகப் பார்த்தாள்.

"என்னடி? போலாம்னு நீதானே மூச்சு எடுத்தே?"

 இப்போதெல்லாம் சிவப்பு விழுந்தால் எனக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. ஒரு கை கம்பத்தில், ஒரு கை அம்மாவின் மணிக்கட்டில்.