தலைகீழ்ச் சாப்பு

பக்கிரிசாமிக்கு ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணி வேலை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. மனைவி பெயர் தனலெட்சுமி. பிள்ளைகள் இல்லை, ஸ்டாம்பு ஆல்பங்கள் மூன்று இருந்தன. நாற்பத்திரண்டாம் வருஷம் ஜனவரியில் ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் நுழையப் போகிறான் என்றதும் ஊரே சட்டி பானை, கோழி, தையல் மெஷின் என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பக்கிரிசாமி ஆல்பங்களை வேட்டியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். அரிசி மூட்டையைத் தூக்கியவள் தனலெட்சுமி.

"நாளைக்கு இதை ஆக்கியா திங்கப் போறீங்க?" என்றாள் மூச்சிரைக்க.

"நீ தூக்குறது ஒரு மாசத்துல தீந்துரும். இது தீராது" என்றார் அவர். அந்தப் பதிலில் குறை எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

ஸ்டாம்பு சேர்ப்பவர்கள் எல்லோரையும் அவர் மதித்தார் என்று சொல்ல முடியாது. பக்கத்து லைனில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஜெயராஜ், வண்ணம் பார்த்துச் சேர்ப்பவர். பச்சையெல்லாம் ஒரு பக்கம், சிவப்பெல்லாம் ஒரு பக்கம் என்று கஞ்சிப் பசை தடவி ஒட்டி வைப்பார். பக்கிரிசாமியைப் பொறுத்தவரை அது கொலைக்குச் சமம். மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருந்த அப்துல் ஜலீலோ, ஸ்டாம்பைத் தாள் தாளாக வாங்கிப் புடவை அடுக்குவது போல அடுக்கி வைப்பவர். எந்தத் தேசத்து ஸ்டாம்பு என்றுகூடப் பார்க்கமாட்டார். சண்டை முடிந்ததும் விலை ஏறும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஸ்டாம்பு சாஸ்திரம். பக்கிரிசாமி அப்படி இல்லை. ஓரத்துப் பல் எண்ணுவார், காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்ப்பார், இடுக்கி இல்லாமல் தொடமாட்டார். பெண்டாட்டியைக்கூட அத்தனை உற்றுப் பார்த்ததில்லை என்பது தனலெட்சுமியின் கணக்கு.

ஓடியவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டார்கள். ஜப்பான்காரனுக்குப் புது ஸ்டாம்பு அடிக்க நேரமில்லை. பழைய பிரிட்டிஷ் ராஜா தலை போட்ட ஸ்டாம்புகளை எடுத்து, ராஜாவின் மூஞ்சி மேலேயே சிவப்பு மையில் தன் முத்திரையாக ஒரு சாப்பு குத்தி விற்றான். கையால் குத்துகிற சாப்பு. ஒருநாள் எவனோ தூக்கக் கலக்கத்தில் தாளைத் திருப்பிப் பிடித்துக் குத்தியிருக்கிறான். தலைகீழாகச் சாப்பு விழுந்த அந்த ஸ்டாம்புகளில் ஒன்று பக்கிரிசாமி கைக்கு வந்தது. அன்றைக்கு அவர், அரிசிக்குப் பதிலாக வந்த மரவள்ளிக்கிழங்கைக்கூட ருசித்துச் சாப்பிட்டார்.

செய்தி கேட்டு ஜலீல் வந்து பார்த்தார். "பக்கிரி அண்ணே, ஒரு கெஜம் மல் துணி தரேன். குடுத்துருங்க லா."

"பாய், நீங்க என் சம்சாரத்தைக் கேட்டாகூட யோசிப்பேன்" என்றார் பக்கிரிசாமி. உள்ளே தனலெட்சுமி பாத்திரத்தை 'ணங்' என்று வைத்தாள்.

அதற்கப்புறம்தான் மொரிதா வந்தான். சரக்குக் கொட்டகைக்குப் புதிதாக வந்த ஜப்பான் அதிகாரி. சாப்பாட்டு நேரத்தில் பக்கிரிசாமி மேஜையடியில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பதைப் பார்த்ததும் ஒற்றன் என்றே முடிவு கட்டிவிட்டான். கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான். கண்ணாடியைப் பிடுங்கினான். ஸ்டாம்பைப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தே விட்டான். சட்டைப் பையிலிருந்து அவனும் ஓர் இடுக்கியை எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மொரிதா குவார்ட்டர்ஸுக்கு வர ஆரம்பித்தான். தன் ஆல்பத்தைக் கொண்டுவருவான். இரண்டு பேரும் அரைகுறை மலாயில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். கிளம்பும்போது தலைகீழ்ச் சாப்பைக் கேட்பான். பதிலுக்கு இரண்டு பூப்போட்ட ஸ்டாம்பு தருவேன் என்பான்.

"துவான், இது நியாயமான மாற்று இல்லை" என்பார் பக்கிரிசாமி மரியாதையாக.

ஒரு அறை விழும். அடுத்த வாரம் நான்கு ஸ்டாம்பு என்பான். பக்கிரிசாமி தலையை ஆட்டுவார். இன்னொரு அறை. ஆனால் ஒன்று, பிடுங்கிக்கொள்ள மட்டும் மொரிதாவுக்கு மனசு வரவில்லை. மலாயாவையே பிடுங்கிக்கொண்டவனுக்கு ஒரு ஸ்டாம்பைப் பிடுங்குவது கேவலமாகப் பட்டது போலும்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா? வாராவாரம் ஜப்பான்காரன் வருகிறான், உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறான், அவ்வளவுதான் தெரியும். குழாயடியில் தனலெட்சுமி போய் நின்றால் பேச்சு அப்படியே அறுந்துபோனது. பக்கத்து வீட்டு இராஜம்மா ஒருத்திதான் முகத்துக்கு நேரே கேட்டாள். "உங்க வீட்டுக்காரரு எங்கள்ல யாரைப் புடிச்சுக் குடுக்கப் போறாரு?"

தனலெட்சுமி குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள். புருஷன் வேலைக்குப் போனதும் ஆல்பத்தைத் திறந்தாள். கிள்ளானில் இருக்கும் தங்கை வீரம்மாவுக்கு, சௌக்கியம், சௌக்கியமா என்று ஒரு கடிதம் எழுதினாள். தலைகீழ்ச் சாப்பை நாக்கில் தடவி உறையில் ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் கிழங்கு வேகவைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மொரிதா எதிரில் உட்கார்ந்திருக்க, ஆல்பத்தைத் திறந்த பக்கிரிசாமிக்கு முகம் வெளுத்தது.

"தேடாதீங்க. கிள்ளானுக்குப் போயிருச்சு" என்றாள் தனலெட்சுமி. "அது இங்க இருந்தாத்தானே இவன் இங்க வரான்? கன்னம் வீங்கினாலும் பரவால்லன்னு நீங்க இருக்கலாம். காட்டிக் குடுக்குறவன் பொண்டாட்டின்னு பேரு வாங்க என்னால முடியாது."

பக்கிரிசாமி மலாயில் மொழிபெயர்த்தார், முதல் பாதியை மட்டும். மொரிதா எழுந்தான். அறை விழப்போகிறது என்று அவர் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அவனோ தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "கிள்ளானுக்கு ரயில் எப்போது?" என்று கேட்டான்.

ரயிலில் ஒரே பெஞ்சில் இருவரும் போனார்கள், சாவு வீட்டுக்குப் போகிற பங்காளிகள் மாதிரி. வாசலில் வாளோடு நிற்கிற ஜப்பான்காரனைப் பார்த்ததும் வீரம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. ஸ்டாம்பைத்தான் தேடி வந்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் இன்னும் மோசமாகப் பயந்தாள். ஏனென்றால் அவள் அந்த ஸ்டாம்பை மறுபடி உபயோகிக்கலாம் என்று ஆசைப்பட்டு, உறையிலிருந்து பிரித்து, சாம்பல் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள்.

"தபாலாபீஸ் முத்திரைதான் மாமா போக மாட்டேங்குது" என்று அழுதுகொண்டே கிண்ணத்தை நீட்டினாள். "செவப்புச் சாப்பு சுத்தமாப் போயிருச்சு."

தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அதன் நடுவே பிரிட்டிஷ் ராஜா, மேலே ஜப்பானின் ஒரு பொட்டு மைகூட இல்லாமல், குளித்துவிட்டு வந்தவர் போல மிதந்துகொண்டிருந்தார். இது ஒன்றுக்கே தலை போகலாம். வீரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மொரிதா இடுக்கியால் ஸ்டாம்பை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் உதடு துடித்தது. பிறகு அதைப் பக்கிரிசாமியின் உள்ளங்கையில் வைத்து மூடினான். வீரம்மா பயத்தில் கொண்டுவந்து வைத்த கிழங்கில் ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். கிள்ளான் ஸ்டேஷனில், நூறு பேர் பார்க்க, மொரிதா பக்கிரிசாமியைப் பார்த்து இடுப்பை வளைத்துக் குனிந்தான். துக்கம் விசாரிக்கிற குனிவு அது. பார்த்த யாருக்கும் அப்படிப் படவில்லை.

அவன் அதன் பிறகு குவார்ட்டர்ஸ் பக்கம் வரவில்லை. கொஞ்ச நாளில் பர்மாவுக்கு மாற்றலாகிப் போனான் என்றார்கள். ஆனால் கிராணிக்கு ஜப்பான்காரனே தலை குனிந்த கதை, அவன் போன பிறகும் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

நாற்பத்தைந்து ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஜப்பானை எதிர்த்துக் காட்டில் பதுங்கியிருந்த கெரில்லாக்கள் இறங்கிவந்து ஒற்றர்களைத் தேடிப் பிடித்துக் கணக்குத் தீர்த்த நாட்கள் அவை. ஒரு மத்தியானம் துப்பாக்கியோடு சில ஆட்கள் பக்கிரிசாமி வீட்டுக்கும் வந்தார்கள். அதில் ஒருவன் தமிழன்.

"ஜப்பான்காரன் ஒனக்கு எதுக்குக் குனிஞ்சான்? யாரைக் காட்டிக் குடுத்தே?"

தனலெட்சுமி வாசலை மறித்து நின்று ஒன்று விடாமல் சொன்னாள்: தலைகீழ்ச் சாப்பு, ஞாயிற்றுக்கிழமை அறைகள், தபால் பெட்டி, சாம்பல் தண்ணீர். சந்தேகம் இருந்தால் வீரம்மாவைக் கேளுங்கள் என்று ஸ்டாம்பையும் கொண்டுவந்து காட்டினாள். தமிழன் தன் கூட்டாளிகளுக்கு மலாயில் சொல்லச் சொல்ல ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்னொருவன் துப்பாக்கியைக் கீழே ஊன்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"விடு லா" என்றான் தமிழன். "உயிருக்குப் பயந்து பொய் சொல்றவன் இப்படியா சொல்லுவான்?"

அவர்கள் தெரு முனையைத் தாண்டிய பிறகும் சிரிப்புச் சத்தம் கேட்டது. தனலெட்சுமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கிரிசாமியும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுட்டிருந்தாகூடப் போகட்டும்னு விட்டிருப்பேன், தனம். சாப்பு அழிஞ்சு போனதுல என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?"