பொங்கல் பானையில் தீபாவளி விருந்து

கலியாணமான பிறகு வந்த முதல் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட வருவதாக மச்சாள் சொல்லியனுப்பினார். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தனியாக நின்று வளர்த்தவர். பளையில் இருக்கிறார். எங்கள் கலியாணத்தை அவர் வேண்டாம் என்று சொன்னதாகக் கேள்வி. கலியாணத்துக்கு வந்தார், நின்றார், போனார். என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகும் தொலைபேசியில் தம்பியோடு மட்டும்தான் கதை. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றாலும் “அவளிட்டைக் கேள்” என்று தம்பியிடம்தான் சொல்வார். பக்கத்தில் நிற்கிற எனக்கு அது நன்றாகவே கேட்கும்.

எனக்கு ரோசம் கொஞ்சம் கூட. இந்த ஒரு சாப்பாட்டில் அவரை என்னோடு பேச வைக்காவிட்டால் நான் புதுக்குடியிருப்பில் பிறந்தவளே இல்லை என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது சுலபம். ஆட்டிறைச்சி எடுப்பதுதான் கஷ்டம். கணவர் கிளிநொச்சியில் ஓட்டோ ஓடுகிறார். மாரி தொடங்கினால் ஓட்டம் குறைந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் தீபாவளிக்கு ஆட்கள் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கிப் பங்கு போடுவார்கள். முழுப் பங்குக்கு எங்கள் கை எட்டாது. பக்கத்து வீட்டுக்காரியும் நானும் சேர்ந்து ஒரு பங்கை எடுத்து இரண்டாக்கினோம். ஈரலை அவள் வெட்டினாள், எந்தத் துண்டு எனக்கு என்று நான் தெரிந்தெடுத்தேன். அப்படிச் செய்தால்தான் மனஸ்தாபம் வராது. இறைச்சி குறைவு என்று தெரியாமலிருக்க உருளைக்கிழங்கைப் பெரிது பெரிதாக வெட்டிப் போட்டேன். விடியவே முழுகிவிட்டு, இறைச்சியில் பிரட்டல், ஈரலில் வறை, எலும்பில் ரசம் என்று எல்லாம் முடித்தபோது, குசினி மணத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை.

மச்சாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். நனைந்த குடையை மடக்கினார், மூக்கைச் சுருக்கினார், தம்பியைப் பார்த்தார்.

“தம்பி, நான் மச்சம் விட்டிட்டன் எண்டு சொன்னனான் எல்லே. இவளிட்டைச் சொல்லேல்லையே?”

மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீனும் இறைச்சியும். கணவர் தலையைச் சொறிந்தார். போன கிழமையே அக்கா சொன்னவவாம், தான் மறந்துபோனாராம். கொத்தமல்லி வாங்க அனுப்பினால் சோப்போடு வருகிற மனுசன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது. என் கையால் சாப்பிடாமல் தப்புவதற்குத்தான் மச்சாள் இப்படியொரு சாட்டுக் கண்டுபிடித்தார் என்றே பட்டது.

விடுவேனா? பருப்பு இருந்தது, ஒரு துண்டுப் பூசணிக்காய் இருந்தது, வேலியில் முருங்கையிலை இருந்தது. இல்லாதது சட்டிதான். புதுக்குடித்தனம்; இருந்த இரண்டு சட்டியிலும் மச்சம் சமைத்தாயிற்று. சோற்றைக்கூட அதே அகப்பையால்தான் கிளறியிருந்தேன். காஸ் அடுப்பு முழுக்கக் குழம்பு தெறித்துக் கிடந்தது. மச்சம் பட்ட சட்டியில் சமைத்ததை மச்சம் விட்டவர்கள் தொடமாட்டார்கள்.

அப்போதுதான் அலுமாரிக்கு மேலிருந்த பொங்கல் பானை கண்ணில் பட்டது. அம்மா தந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு மட்டும் இறக்குகிற பானை, மச்சத்தின் மணமே அறியாது. சூரியனுக்குப் பொங்குகிற பானை ஒருநாள் மச்சாளுக்கும் பொங்கட்டும் என்று இறக்கினேன். பின் தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்து, அரிசியையும் பருப்பையும் பூசணிக்காயையும் ஒன்றாகப் போட்டேன். விறகு மழையில் ஊறியிருந்ததால் புகைதான் வந்தது. ஊதினேன், இருமினேன், மனதுக்குள் எல்லோரையும் திட்டினேன்.

மச்சாள் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்துக்கு மேல் பொறுக்கவில்லை போலும். எழும்பி வந்து, சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

“இப்பிடி விறகைத் திணிச்சால் எப்பிடிப் பிள்ளை எரியும்? காத்துப் போக இடம் விடு.”

அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே ஏச்சுத்தான். எனக்கோ சந்தோசம் பிடிபடவில்லை. பிறகு அவர் வாயே மூடவில்லை. தேங்காய்ப்பாலை இப்போது விடக்கூடாது, முருங்கையிலையைக் கடைசியில் போட வேண்டும், உப்புக் காணாது. நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன்.

கணவருக்கு இறைச்சியை வைத்துக் கொடுத்துவிட்டு, மச்சாளோடு சேர்ந்து நானும் பருப்புச் சோறு சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் கண் அடிக்கடி இறைச்சிப் பக்கம் போய் வந்தது. ஏன் மச்சம் விட்டீர்கள் என்று நேரேயே கேட்டுவிட்டேன்.

அவர் சோற்றைக் குழைத்தபடி, கலியாணத்தை வேண்டாம் என்று சொன்னது உண்மைதான் என்றார். அப்படிச் சொன்ன வாயால் என்னோடு கதைக்க வெட்கமாக இருந்ததாம். தாலி கட்டிய அன்றைக்கே, ஒரு வருசம் மச்சம் தொடுவதில்லை என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தாராம். தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்றா வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“அவனுக்கென்ன, அவன் எங்கையும் நல்லாத்தான் இருப்பான்,” என்றார். “நேத்தி உனக்காகத்தான் வைச்சனான். அவனை வளத்தவள் நான். அவனோட குடும்பம் நடத்துற பிள்ளைக்கு அம்மன் துணை வேணுமெல்லே.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கணவர் இது எதையும் கேட்கவில்லை. எலும்பை உறிஞ்சிக்கொண்டே, ரசம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், எழும்பிப் போய்த் தானே எடுத்துக் குடிக்கச் சொன்னோம்.