அறுவடை மிஷினும் என் கன்டெய்னரும்

சர்வர் வைத்துப் பிழைக்கும் சக பாவிகளே, நம் தொழிலில் எல்லாம் ஓடுகிறவரை நம்மை யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் நம் வீட்டு வாசல்வரை தெரிந்துவிடும். கடையத்தில் நெல் அறுவடை மிஷின்கள் வைத்திருக்கும் சண்முகம் அண்ணாச்சிக்காக, தென்காசியில் உட்கார்ந்து விவசாயிகள் மிஷின் கேட்டுப் பதிய நான் ஒரு செயலி எழுதினேன். புரோகிராம் ஒரு கன்டெய்னரில், டேட்டாபேஸ் இன்னொன்றில். "லாரில போற பெட்டியாடே?" என்று கேட்டார். "அது மாதிரிதான் அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்குள்ள" என்றேன்.

கிளம்பிவிட்டது

புரோகிராம் விழுந்தால் தானே எழுந்துகொள்ளும்படி அமைத்திருந்தேன். அதில் பெருமை வேறு. ஒருநாள் காலையில் அது எழுந்தது, விழுந்தது, எழுந்தது. எழும்போதெல்லாம் 'உங்கள் மிஷின் கிளம்பிவிட்டது' என்று ஒரே விவசாயிக்கு எஸ்.எம்.எஸ். மிஷினோ பெல்ட் அறுந்து வீரகேரளம்புதூர் ரோட்டில் கிடந்தது. மத்தியானம் அவர் போன் போட்டார்.

"கெளம்பிட்டு கெளம்பிட்டுன்னு காலைலருந்து சொல்லுத. ஒரு தடவையாவது வந்துட்டுன்னு சொல்லேம்ப்பா!"

ஆறு மணி

கன்டெய்னருக்குள் ஓடும் கடிகாரம் நம் ஊருக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். அதன் ஆறு மணி நமக்குப் பதினொன்றரை. அதைக் கவனிக்காமல் விட்டேன். மிஷினுக்குச் சொல்லியிருந்த எஸ்தர் அக்கா காலை ஆறுக்குப் பதிந்தது, டிரைவர் போனில் பதினொன்றரை ஆகிவிட்டது. அக்கா ஆறிலிருந்து வயலில் நின்றிருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"எல்லாஞ் சரி தம்பி, ஒம் மிஷினு எந்த ஊரு வெயிலு பாத்து முழிக்குது?"

அருவிக்குப் போன நாள்

கார் பருவ நெல் அறுவடை நேரம். பழைய கன்டெய்னர்களை அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டு, நிம்மதியாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். போன் பைக் பெட்டியில். தலை துவட்டிவிட்டுப் பார்த்தால் அண்ணாச்சியின் அழைப்புகள் வரிசையாக: "ஏலே, ஒரு பதிவுகூட இல்லியே!"

டேட்டாவை வெளியே தனி இடத்தில் வைக்காமல் கன்டெய்னருக்குள்ளேயே விட்டிருக்கிறேன். அதை அழித்தபோது அத்தனையும் போயிற்று. பேக்கப்பும் இல்லை. மலைப்பக்கம் மேகம் கறுத்து வந்தது. விளைந்த நெல் நனைந்தால் முளைத்துவிடும். பைக்கை எடுத்துக்கொண்டு அச்சன்புதூர்ப் பக்கம் வயல் வயலாக இறங்கி, "நாளைக்கு மிஷின் கேட்டிருந்தீங்களா?" என்று விசாரித்துப் பேப்பரில் எழுதினேன். சேறு முழங்கால்வரை. மறுநாள் மழைக்கு முன்னால் ஒரு வயல் தவிர எல்லாம் அறுபட்டது. அந்த ஒன்று எஸ்தர் அக்காவுடையது இல்லை என்பதில் ஒரு கேவலமான நிம்மதி. கடைசி வயலில் அண்ணாச்சி என் காலைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரு இல்லாம இன்னைக்குத்தாம்ல நீ உருப்படியா வேல பாத்திருக்க."

சர்வர் நடத்தக் கற்றுக்கொண்டேனோ இல்லையோ, அச்சன்புதூர் வரப்பு முழுக்க இப்போது எனக்கு அத்துப்படி.